உரையும் கட்டுரையும்



தமிழ் வினாத்தாளில் நீங்கள் மிகுதியும் அஞ்சும் வினா எது என்று வினவினால், பெரும்பாலோர் தயங்காமல் ஒன்றையே சுட்டுவீர்கள். “இச்செய்யுளை ஆராய்ந்து கட்டுரை வரைக” என்பதே அது. மனப்பாடப் பகுதியைப் பிழையின்றி எழுதிவிடுகிறீர்கள். இலக்கணக் குறிப்பும் எப்படியோ வந்துவிடுகிறது. ஆனால் ‘ஆராய்க’ என்னும் ஒரு சொல்லைக் கண்டவுடன் எழுதுகோல் நின்றுவிடுகிறது. “இது மேனாட்டார் கொண்டுவந்த முறை, நமக்குப் பழக்கமில்லாதது” என்று சமாதானம் கூறுவோரும் உண்டு. அக்கூற்று பாதி உண்மை. கட்டுரை என்னும் வடிவம் பல்கலைக்கழகத் தேர்வுகளோடு நம் வகுப்பறைக்கு வந்தது. ஆயின் ஆராய்தல் என்னும் தொழில் நமக்குப் புதிதன்று. அது நம்மிடையே எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு தளர்ந்தது என்பதையும், அத்தளர்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதையும் இன்று உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள பழைய உரைநடை நூல்களுள் தலையாயது இறையனார் அகப்பொருளுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரையாகும். அவ்வுரை முழுவதும் வினாவும் விடையுமாகவே நடக்கிறது. ஒரு சொல்லை ஆசிரியர் ஏன் ஆண்டார், வேறொரு சொல் அமையாதா, அமையாதெனின் காரணம் யாது என்று உரைகாரர் தாமே வினவிக்கொண்டு தாமே விடை தருகிறார். ஆசிரியனும் மாணாக்கனும் எதிரெதிரே அமர்ந்து உரையாடுவதைக் கேட்பது போன்ற உணர்ச்சி நமக்கு உண்டாகிறது.

அவ்வுரையின் முகப்பில் ஒரு கதை உண்டு. அகப்பொருள் நூலுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். எவர் உரை சிறந்தது என்று தீர்ப்பளிக்க ஒருவர் வேண்டியிருந்தது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முதிர்ந்த புலவர் அல்லர். உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவனோ வாய் பேசாதவன். புலவர் ஒவ்வொருவராக உரை படிக்க, அவன் வாளா இருந்தான். மருதனிளநாகனார் படித்தபோது சிற்சில இடங்களில் மெய்ம்மயிர் சிலிர்த்துக் கண்ணீர் வார்ந்தான். நக்கீரர் படித்தபோதோ சொல்தோறும் கண்ணீர் வார்ந்தான். அதுவே தீர்ப்பாயிற்று. இது வரலாறா, புனைவா என்பது இங்கே வினாவன்று. இக்கதையைச் சொன்னவர்கள் உரைக்கு எத்தகைய அளவுகோலை வைத்தார்கள் என்பதே நாம் கருதவேண்டுவது. உரையின் தகுதி உரைப்பவரின் பெருமையைப் பொறுத்ததன்று. கேட்பவன் உள்ளத்தில் பொருள் சென்று பதிவதைப் பொறுத்தது. அதை உணர்த்துவதற்கு ஒரு பிள்ளையே போதும் என்று அவர்கள் கருதினார்கள். இக்கதையை நினைவில் இருத்துங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

இந்த வழியில் வந்தவர்கள் நம் உரையாசிரியர்கள். தொல்காப்பியம் முழுமைக்கும் முதற்கண் உரை வகுத்தவர் இளம்பூரணர். ‘உரையாசிரியர்’ என்னும் பொதுப்பெயரே அவருக்குச் சிறப்புப் பெயராயிற்று. அவருக்குப் பின் வந்த சேனாவரையர் சொல்லதிகாரத்திற்கு உரை எழுதுகையில், இளம்பூரணரை மதித்துக்கொண்டே பல இடங்களில் மறுத்தார். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. அவர்களுள் காலத்தாற் பிந்தியவராகக் கருதப்படும் பரிமேலழகர், முன்னோர் கொண்ட பொருளை எடுத்துக்காட்டி, “என்று உரைப்பாரும் உளர்” என்ற முறையில் கூறி, அது ஏன் பொருந்தாது என்பதற்குக் காரணம் தருவார். பெரியோர் சொன்னார் என்பதனால் அவர் ஒன்றை ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியோரைப் பழிக்கவும் இல்லை. காரணம் கேட்டார், காரணம் கொடுத்தார். அவ்வளவே.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றியபோது இப்பயிற்சியை முறைப்படுத்தி வைத்தார். உரை என்பது 14 கூறுகளால் அமையும் என்பது அவர் கணக்கு. சொற்பொருள் கூறுவது ஒன்று. கருத்தைச் சொல்வது ஒன்று. உதாரணம் காட்டுவது, வினா எழுப்புவது, விடை கூறுவது, ஐயம் வந்தவிடத்து ஒன்றைத் துணிவது, பயன் கூறுவது எனப் பலவும் அவற்றுள் அடங்கும். அவற்றுள் ‘அதிகாரம்’ என்பதும் ஒன்று. ஒரு சூத்திரத்தைத் தனியே பிரித்துப் பாராமல், அது நிற்கும் இயலின் தொடர்போடு வைத்துப் பொருள் காண்பதே அது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இன்று நாம் வேண்டுவன அனைத்தும் இப்பட்டியலில் இருப்பதைக் காணலாம்.

அவ்வாறாயின் இடையில் நேர்ந்தது என்ன? உரைமரபு ஆசிரியனுக்கும் மாணாக்கனுக்கும் இடையே வாய்மொழியாய் வாழ்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் மாணவர் பாடம் கேட்டனர் என்றுதான் சொல்கிறோம். ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்குச் செவியால் ஏற்றல், வினவல் என்னும் இரு பொருளும் உண்டு. 1854ஆம் ஆண்டில் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பல ஊர்களில் பயிலும் மாணவர்களுக்கு ஒரே நாளில் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, முகம் அறியாத ஒருவர் திருத்தும் முறை அதனோடு வந்தது. அம்முறையினால் நன்மை பல விளைந்தன. அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்களே பின்னர்ப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றும் பெரும்பணியில் முன்னின்றார் என்பதை மறத்தலாகாது. ஆயினும் முகம் அறியாத ஒருவர் திருத்துவதற்கு எளிய வினா எது? செய்யுளுக்குப் பொழிப்புரை எழுதுக, இலக்கணக் குறிப்புத் தருக, மொழிபெயர்க்க. இவற்றிற்கு ஒரே விடைதான் உண்டு. ஒரே விடை உள்ள வினாவுக்கு மனப்பாடமே குறுக்குவழி. உரையாசிரியர்களின் உரை மாணவர் கையில் இருந்தது. அவ்வுரை பிறந்த வினா அவர்கள் கையில் இல்லை.

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் நடந்தது. அவ்வாண்டில்தான் உ. வே. சாமிநாதையர் அவர்கள் அங்குள்ள அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் பயின்றிருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. அவற்றிற்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்விக்கு ஐயரிடம் விடை இல்லை. அவர் அதனை அவமானமாகக் கருதி ஒதுங்கியிருக்கலாம். அவரோ சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தார். பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் தம் உரையில் பெயர் குறியாமல் மேற்கோள் காட்டும் அடிகள் எந்த நூலைச் சார்ந்தவை என்று ஏடு ஏடாகத் தேடினார். ஏழு ஆண்டு உழைப்பின் பின் 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. சான்று தேடுதல் என்றால் என்ன என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. அதன் தொடக்கம், விடை தெரியாத ஒரு வினாவின்முன் ஒருவர் நேர்மையாக நின்றது.

அடுத்த படி வகுப்பறையிலேயே நிகழ்ந்தது. 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள், 1903ஆம் ஆண்டில் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை வெளியிட்டார். முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்ட சிறு பாட்டு. நச்சினார்க்கினியர் அதற்கு எழுதிய உரையில், ஓரிடத்துச் சொல்லைத் தொலைவில் உள்ள மற்றோரிடத்துச் சொல்லோடு கொண்டு கூட்டிப் பொருள் கூறியிருந்தார். அவ்வாறு பிரித்து ஒட்டினால் பாட்டின் இயல்பான ஓட்டம் கெடும் என்று அடிகள் வாதிட்டார். பாட்டு என்பது யாது, இப்பாட்டின் அமைப்பு யாது, நிகழ்ச்சிகளைப் புலவர் ஏன் இந்த வரிசையில் வைத்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். ஆங்கிலக் கல்வியில் பயின்றுவந்த கட்டுரை வடிவமும், நம் உரைமரபின் வினாவும் ஒன்றாய்க் கலந்த இடம் அது. அதன்பின் வ. வே. சு. ஐயர் கம்பனை உலகப் பெருங்காப்பியப் புலவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார், டி. கே. சிதம்பரநாத முதலியார் செவியால் சுவைக்கும் வழியைக் காட்டினார், ச. வையாபுரிப் பிள்ளை காலமும் பாடமும் தேர்ந்து காணும் கண்டிப்பை வற்புறுத்தினார். இவர்கள் தம்முள் மாறுபட்டவர்கள். மாறுபட்டதனாலேயே ஆராய்ச்சி வளர்ந்தது.

இஃது ஆங்கிலேயருக்கு எளிதாய் வந்த கலை என்றும் எண்ணிவிடாதீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர், எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுச் சில கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். 1929இல் அம்முடிவுகளை நூலாக வெளியிட்டார். அந்நூலில் 13 கவிதைகள் இடம்பெற்றன. பெயர் தெரியாதபோது, தேர்ந்த மாணவர் பலர் நல்ல கவிதையை இகழ்ந்தனர். எளிய கவிதையை வானளாவப் புகழ்ந்தனர். அவர்கள் இடறிய இடங்களுள் முதலாவதாக ரிச்சர்ட்ஸ் குறித்தது எது தெரியுமா? செய்யுளின் நேர்ப்பொருளையே சரியாக அறிந்துகொள்ளாமை. பவணந்தியார் சொற்பொருளை உரையின் உறுப்பாக வைத்ததன் தேவை கேம்பிரிட்ஜிலும் உணரப்பட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்த தொடக்க ஆண்டுகளில் நடந்தது இது. ‘மக்கட்பேறு’ அதிகாரம் பாடமாயிருந்தது. தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய், அவனைப் பெற்ற பொழுதினும் பெரிதாக மகிழ்வாள் என்னும் கருத்துடைய குறளை நீங்கள் அறிவீர்கள். வள்ளுவர் ‘கேட்ட தாய்’ என்று ஏன் கூறினார்? பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள்; ஆதலால் பிறர் சொல்லக் கேட்க நேர்ந்தது என்பது பரிமேலழகர் காட்டும் காரணம். அதை நான் வகுப்பில் அப்படியே சொன்னேன். மாணவர் அப்படியே எழுதிக்கொண்டனர்.

அரையாண்டுத் தேர்வில் அக்குறளை ஆராயுமாறு வினா அமைத்தேன். நாற்பது விடைத்தாள்களில் என் சொற்களே திரும்பி வந்தன. ஒரு மாணவியின் தாளில் மட்டும் வேறு விடை இருந்தது. உரையாசிரியர் கூறும் காரணம் தனக்குப் பொருந்தவில்லை என்று அவள் எழுதியிருந்தாள். அடுத்த குறளில், தந்தைக்கு மகன் செய்யும் உதவியும், இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று ஊரார் சொல்லும் சொல்லே என்று வள்ளுவர் கூறுகிறார். ஆகவே தாயாயினும் தந்தையாயினும் மகனின் பெருமைக்கு அளவு பிறர் வாய்ச்சொல்லே. கேட்டல் என்பது பெண்ணின் அறியாமையைக் குறிப்பதாயின், தந்தைக்கும் ஊரார் சொல் எதற்கு என்று அவள் வினவியிருந்தாள். ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று கொடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையால், “உரையாசிரியரினும் நீ பெரியவளோ?” என்றும் எழுதினேன்.

அவள் வந்து கேட்கவில்லை. ஆண்டுத் தேர்வில் அதே வினாவை மாற்றிக் கேட்டேன். அவள் என் குறிப்பை ஓர் எழுத்தும் பிறழாமல் எழுதி ஐந்துக்கு ஐந்து பெற்றாள். அன்று நான் மகிழ்ந்தேன் என்பதே இன்றும் என்னை வருத்துகிறது.

சில ஆண்டுகள் கழித்துப் பரிமேலழகர் உரையை முதலிலிருந்து இறுதிவரை நானாகப் படித்தபோதுதான் என் பிழை விளங்கிற்று. முன்னோர் உரையை மறுத்தே தம் உரையை நிலைநாட்டிய ஒருவரின் பெயரால், மறுக்கத் துணிந்த ஒரு மாணவியை நான் வாயடைத்திருக்கிறேன். அவள் செய்தது நன்னூலார் ‘அதிகாரம்’ என்று பெயரிட்ட அதே செயல். ஒரு குறளை அதன் பக்கத்துக் குறளோடு வைத்துப் பார்த்தாள். பின்னர் நானே அவ்வதிகாரத்தைத் துருவிப் பார்த்தேன். தந்தை மகனுக்குச் செய்யும் நன்மை, அவையில் அவனை முந்தியிருக்கச் செய்தல் என்னும் குறளும் அங்கேயே இருந்தது. அவை என்றாலும் பிறர் மதிப்புத்தானே! அவள் பக்கத்துக்கு இன்னொரு சான்று கிடைத்தது. அதைச் சொல்ல அவள் அங்கே இல்லை. பேசாத பிள்ளையின் தீர்ப்புக்குக் காத்திருந்த சங்கத்தின் கதையை ஆண்டுதோறும் கற்பித்த நான், பேசிய பிள்ளையைப் பேசாமல் செய்துவிட்டேன்.

அன்றுமுதல் நான் கற்பித்த முறையைச் சுருங்கச் சொல்கிறேன். முதலில் செய்யுளைப் பல முறை வாய்விட்டுப் படியுங்கள். நேர்ப்பொருளை உங்கள் சொற்களில் எழுதுங்கள். இது கட்டுரை அன்று, கட்டுரைக்கு அடித்தளம். அடுத்து, செய்யுளில் உங்களை உறுத்தும் ஒரு சொல்லைத் தேடுங்கள். இச்சொல் ஏன், இவ்விடத்தில் ஏன் என்று வினவுங்கள். ‘கேட்ட’ என்னும் ஒரு சொல்லிலிருந்து ஒரு கட்டுரையே பிறந்ததைக் கண்டீர்கள். மூன்றாவதாக, அவ்வினாவுக்கு உங்கள் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதுவே துணிவு. ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாதாயின், இன்னும் நீங்கள் துணியவில்லை என்பது பொருள். நான்காவதாக, அதற்குச் சான்றை அச்செய்யுளிலிருந்தும் அதன் சூழலிலிருந்தும் காட்டுங்கள்.

ஐந்தாவது படியே பெரும்பாலோர் விட்டுவிடுவது. உங்களை மறுப்பவர் என்ன சொல்வார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அம்மாணவியின் கட்டுரைக்கும் ஒரு மறுப்பு உண்டு. அடுத்த குறளில் ஊரார் சொல்வது கூறப்பட்டதேயன்றித் தந்தை கேட்டு மகிழ்ந்தது கூறப்படவில்லையே என்று ஒருவர் சொல்லலாம். அது நல்ல மறுப்பே. அதற்கு, மகிழ்ச்சி இருவேறாயினும் அளவுகோல் ஒன்றுதானே என்று விடை கூறலாம். அவ்விடை போதுமா, போதாதா என்பதைப் படிப்பவர் தீர்மானிக்கட்டும். மறுப்பை மறைக்காமல் எடுத்துவைத்தவரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. நான் அன்று செய்திருக்க வேண்டியது, அம்மறுப்பை ஓரத்தில் எழுதி, “இதற்கு என்ன சொல்வாய்?” என்று கேட்டிருத்தலே. இறுதியாக, இந்த ஆராய்ச்சியால் செய்யுளைப்பற்றி நாம் புதிதாய் அறிந்தது யாது என்று இரண்டொரு வாக்கியத்தில் முடியுங்கள். அது பயன்.

விலக்க வேண்டியவற்றையும் நன்னூலார் பத்துக் குற்றம் என வகுத்து வைத்திருக்கிறார். நான் திருத்திய தாள்களில் மிகுதியாய்க் கண்டவை நான்கு. குறளை ஆராயச் சொன்னால் வள்ளுவர் வரலாற்றை எழுதுவது மற்றொன்று விரித்தல். ஒரே கருத்தை மூன்று பத்தியில் வேறு வேறு சொல்லால் எழுதுவது கூறியது கூறல். “தேனினும் இனிய, ஒப்பற்ற, ஈடிணையற்ற” என்று சொல்லை மட்டும் கோப்பது வெற்றெனத் தொடுத்தல். ஆரவாரத்தோடு தொடங்கி, நேரம் போதாமல் மெலிந்து முடிவது சென்று தேய்ந்து இறுதல். உங்கள் கட்டுரையை முடித்தபின் இந்நான்கையும் வைத்து நீங்களே ஒருமுறை திருத்திப் பாருங்கள். ஆசிரியருக்கு வேலை குறையும்.

மாணவர்களே, விரும்பியதையெல்லாம் எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. சான்றில்லாத துணிவு வெறும் பிடிவாதம். துணிவில்லாத சான்றோ பிறர் சுமையைச் சுமப்பது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஆராய்ச்சி உண்டு. நச்சினார்க்கினியரை மறுத்த மறைமலையடிகள் அவ்வுரையை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டே மறுத்தார். நீங்களும் மறுப்பதற்கு முன் நன்றாகப் படியுங்கள்; படித்தபின் மறுக்க அஞ்சாதீர்கள்.

இதனைக் கேட்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். நாளை நீங்கள் திருத்தும் கட்டில், நாற்பது தாள்களோடு ஒத்துவராத ஒரு தாள் இருக்கக்கூடும். சிவப்பு மையைத் தொடுமுன் அதை இரண்டாம் முறை படியுங்கள். அது பிழையாக இருக்கலாம்; அப்போது பிழை இன்னது என்று காட்டுங்கள். ஒருவேளை நம் மரபில் அடுத்த உரையாசிரியரின் முதல் வரியாகவும் அது இருக்கலாம்.